யமுனைக் கரையில் சிவஞானத்தின் கேமரா

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு சிவஞானத்தினுடையது. ஈரோட்டுப் பக்கத்து மனிதர், என் ஆபீஸில்தான் கிளார்க். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கேமராவையும் ஸ்டாண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு யமுனைக் கரை இடுகாட்டுக்குப் போய்விடுவார். விடிந்துதான் வருவார். நம்மவர்களுக்கு இது போதாதா? மாந்திரீகம் பழகுகிறார் என்றார்கள். மண்டை ஓடு பொறுக்குகிறார் என்றார்கள். ஆள் எதிரே வந்துவிட்டால் மட்டும், "என்ன சார், சௌக்கியமா?" என்று பல்லை இளிப்பார்கள். அந்தக் கூட்டத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

விஷயம் எனக்குத் தெரியும். 1978 கோடையில் அவருடைய பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த குழந்தை. அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் இடுகாட்டுக்கு வருவதுமில்லை. துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிவஞானம் டாக்ஸியில் வந்தார். கூடப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே கல் நடுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. மண்ணை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். செப்டம்பரில் யமுனை பெருகி எல்லாவற்றையும் மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கரையில் மேடு எது, பள்ளம் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் மனைவி அருக்காணி கேட்டிருக்கிறார். "நான் வரக்கூடாதுன்னுட்டீங்க. புள்ள எங்க இருக்குதுன்னு ஒரு படமாவது புடிச்சுட்டு வந்து காட்டுங்க."

சாந்தினி சௌக்கில் பழைய கேமரா ஒன்று வாங்கினார் சிவஞானம். பகலில் போனால் யாராவது ஒரு தகப்பன் அழுதுகொண்டு நிற்பான். அவன் முன்னால் கேமராவை நீட்ட எந்த மனுஷனுக்கு மனசு வரும்? அதனால்தான் இரவு. இடுகாட்டைக் காக்கும் சௌகிதார் முதலில், "பாகல் ஹோ க்யா?", பைத்தியமா உனக்கு என்று விரட்டியிருக்கிறான். காரணத்தைக் கேட்ட பிறகு ஒரு பீடியை நீட்டினானாம்.

இடம் அகப்படவில்லை. ஒரு வேப்ப மரத்தடியில் சின்ன மேடு ஒன்று, பனி மூடி, நிலா வெளிச்சத்தில் அமைதியாகக் கிடந்தது. அதைப் படம் பிடித்தார். குளியலறையில் சிவப்பு பல்பு போட்டுக் கழுவி, "இதுதான்" என்று மனைவியிடம் கொடுத்துவிட்டார். அருக்காணி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை. பெற்றவளிடம் பொய்யைக் கொடுத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நிஜமான இடத்தைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் படத்தை மாற்றி வைத்துவிட வேண்டும் என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி போக ஆரம்பித்தார். என்னிடம் மட்டும்தான் இதைச் சொன்னார். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். பனியில் ஆறு எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. "இங்கதானுங்களா?" என்று கேட்டார். எனக்கும் நினைவில்லை என்றேன். கேமராவைத் திறந்து வைத்துவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்தார். நான் பக்கத்திலேயே இருந்தும் அந்த மனிதர் தனியாகத்தான் இருந்தார்.

இந்தப் படங்களில் ஒன்றை ஆபீஸ் போட்டோ கண்காட்சியில் யாரோ வற்புறுத்தி மாட்ட வைத்தார்கள். முதல் பரிசு கிடைத்தது. பெரிய அதிகாரி ஒருவர் சமோசாவைக் கடித்தபடி, "அச்சா! என்ன மூட்! எங்கே எடுத்தது?" என்றார். "யமுனைக் கரை சார்" என்று சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த சமோசாவைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது எனக்கு.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு சாயங்காலம் அவர் ஸ்டாண்டைச் சைக்கிளில் கட்டும்போது அருக்காணி வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார். பேசியதைச் சிவஞானம் பிறகு என்னிடம் சொன்னார்.

"ஏனுங்க, இன்னிக்கும் போறீங்களா?"

"ஒரு படம் பாக்கி இருக்குது."

"அந்த வேப்ப மரத்தடி நம்ம புள்ள இருக்கற எடமில்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. படத்தக் குடுத்தப்பவே தெரியும். நீங்க என் மொகத்தப் பாக்கல."

சிவஞானம் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "எடம் தெரியல புள்ள. எவ்வளவோ தேடிட்டேன்."

"தெரியாட்டிப் போகுது. படம் கேட்டது நாந்தான். ஆனா ராத்திரியில இந்த வீட்டுல தனியாக் கெடக்கறதும் நாந்தானுங்க. நீங்க அங்க புள்ளகூட இருக்கறீங்க. எங்கூட ஆரு இருக்கறா?"

இத்தனை நாளில் அவருக்கு இது தோன்றவே இல்லையாம். அருக்காணி உள்ளே போய் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கேரியரில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் போகக்கூடாது என்பதை அன்று சிவஞானமும் சொல்லவில்லை, அருக்காணியும் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸே ஜன்னலில் நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

அன்று எடுத்த படத்தை எனக்குக் காட்டினார். நிலா வெளிச்சம், பனி, வெறும் கரை. ஆள் யாரும் இல்லை.

"அவங்க எங்கே?" என்று கேட்டேன்.

இருட்டில் கேமராவை அரை மணி நேரம் திறந்து வைக்க வேண்டும், அசையாமல் நிற்கிறவர்கள்தான் படத்தில் விழுவார்கள், நடந்துகொண்டே இருக்கிறவர்கள் விழமாட்டார்கள் என்று விளக்கினார்.

"அருக்காணி ஒரு எடத்துல நிக்கலீங்க. எங்கேன்னு என்னக் கேக்கவும் இல்ல. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கரை முழுக்க நடந்தா. எங்கயோ ஒரு எடத்துல புள்ளகிட்ட வந்துட்டுத்தானுங்களே போயிருப்பா?"

போயிருப்பாங்க என்றேன்.