ஐந்து விதக் கிருமி

எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் சலேத்தம்மா ஆயாவாக இருந்தாள். 2004ஆம் வருட மழையில் அங்கிருந்த ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றோட்டம் கண்டது. பழி அவள் காய்ச்சிய கஞ்சியின் மேல் விழுந்தது. விசாரிக்கத் தோட்ட நிர்வாகியான துரைக்கு ஏது நேரம்? அவளைப் புல் வெட்ட அனுப்பிவிட்டார். தாய்மாரும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் பிள்ளைகளின் மலத்தைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினார். ஒரே கிருமிதான் எல்லாருக்கும் பரவியதென்று தெரிந்தால், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும்படி துரையைக் கட்டாயப்படுத்தலாம் என்று அவர் நம்பியிருந்தார்.

மாதங்கள் கழித்து, அவள் புல் வெட்டும் மலைக்கே வந்து முடிவைச் சொன்னார்.

"கைரேகை பார்க்கிற மாதிரி கிருமியோட டிஎன்ஏவைப் பார்த்திருக்காங்க. அஞ்சு புள்ளைக்கும் அஞ்சு விதம். ஒரே இடத்துல இருந்து வரல்ல. உங்க கஞ்சியில தப்பில்ல."

புல்லை வெட்டியபடியே சலேத்தம்மா எண்ணிப் பார்த்தாள். ஐந்து பிள்ளைகளும் ஐந்து லயத்துப் பிள்ளைகள். லயத்துக்கு ஒரு ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு பீலிக்கும் மேட்டில் ஒரு கக்கூஸ்.

"அப்ப பைப்பு?"

"அஞ்சும் தனித்தனி, நோய் பரவலேன்னு துரை ஃபைலை மூடிட்டாரு."

"அது ஒரே கிருமியாவே இருந்திருக்கக் கூடாதா, மாத்தயா," என்றாள். "பழி என்னோட போயிருக்கும். புள்ளைங்களுக்கு நல்ல தண்ணி வந்திருக்கும்."