ருயி-சியாவே சாப்பிடுகிறாள்

"அக்கா, பூசை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேனா?" என்று லியாவ் போனில் ஆரம்பித்த மாத்திரத்தில் பாவ்-சூவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சரக்கு அனுப்புகிற லியாவ் பணிவாகப் பேசுகிறான் என்றால் எங்கேயோ எதையோ கவிழ்த்துவிட்டான் என்று அர்த்தம். குடியிருப்பின் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நின்று, சந்திரக் கணக்கின் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்கு வைக்கும் படையல் மேசையில் அவள் நூடுல்ஸ் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். துறைமுக ஊரான கீலுங்கின் மழை தார்ப்பாயைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"விஷயத்தைச் சொல்லு."

"பெருசா ஒண்ணுமில்லக்கா. நேத்து வந்துச்சே, அந்த எள்ளுக் கட்டி, எள்ளு பார். எள்ளு தட்டுப்பாடு. அதனால வேற பட்டறையில போட்டு வாங்கினோம். அவங்க கொஞ்சம் வேர்க்கடலைப் பொடி கலந்துட்டாங்களாம். கவர் மட்டும் பழைய கவர். ருசி இன்னும் தூக்கலாத்தான் இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

"வேர்க்கடலையா?"

"கொஞ்சம்தான்."

பாவ்-சூ கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தாள். அந்தக் குடியிருப்பில் வேர்க்கடலை ஒருத்திக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம், தோல் அரிப்பு என்கிற ஆகாது இல்லை. தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும்.

பாவ்-சூ அந்தக் குடியிருப்பின் கூட்டுக்கொள்முதல் அக்கா. அப்படி ஒருத்தி இல்லாத அடுக்குமாடி கீலுங் இருக்கிற அந்தத் தீவிலேயே கிடையாது. காலையில் போன் குழுவில் ஒரு பண்டத்தின் படத்தைப் போடுவாள். வேண்டும் என்கிறவர்கள் அதற்குக் கீழே 'பிளஸ் ஒண்ணு' என்று போடுவார்கள். சாயங்காலத்துக்குள் ஆர்டர் போய், இரண்டொரு நாளில் காவலாளி மேசைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் மலையாகக் குவிந்துவிடும். மாடி எண்ணையும் பேரையும் தன் கையால் எழுதிய ஸ்டிக்கரால் ஒவ்வொரு பெட்டியின் வாயையும் ஒட்டி அவளே பிரித்துக்கொடுப்பாள். மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைத் தையல் மெஷினுக்குக் கொடுத்தவள் அவள். தொழிற்சாலையை மூடியபோது, கண்டெய்னர் லாரி ஓட்டும் புருஷன் வாரத்தில் பாதி நாள் இல்லாத வீட்டில், சுவரைப் பார்த்து உட்காரப் பிடிக்காமல் இதில் இறங்கினாள். எண்ணெயில் பொரித்தது, சர்க்கரை கொட்டியது எதையும் தொடமாட்டாள். சுட்ட சர்க்கரைவள்ளிச் சீவல், கடற்பாசிச் சுருள், உப்பில்லாத விதைகள், காயவைத்த கொய்யா, இவைதான் அவள் சரக்கு. தன்னால்தான் இந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தொப்பை கரைந்தது என்று சொல்லிக்கொள்வாள். அது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் அவள் வியாபாரத்துக்கு முதுகெலும்பு இன்னொருத்தி. ஐந்தாம் மாடி ருயி-சியா, மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் பக்கத்து மெஷின்காரி. ஒருமுறை யாரோ சூப்பின்மேல் தூவியிருந்த வேர்க்கடலைப் பொடியால் முகம் வீங்கி, ஆம்புலன்சில் போய், பிழைத்ததே பெரிய காரியம் என்று வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, பாவ்-சூ கொண்டுவருவதைத் தவிர. எந்தப் பண்டத்தைப் போட்டாலும் முதல் 'பிளஸ் ஒண்ணு' ருயி-சியாவுடையதுதான். பாவ்-சூவும் அதை விடுவாளா? ஒவ்வொரு படத்துக்கும் கீழே தவறாமல் எழுதிவிடுவாள்: 'ருயி-சியாவே சாப்பிடுகிறாள்.' அதற்குமேல் யாருக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்? தயங்கிக்கொண்டிருந்தவர்களும் வரிசையாக பிளஸ் ஒண்ணு போட்டுவிடுவார்கள்.

இந்த ஏழாம் மாதம் முடிவதற்குள் எந்த அக்கா அதிகம் விற்கிறாளோ அவளுக்கு ஜப்பானில் பனி கொட்டும் ஹொக்கைடோ போக இரண்டு டிக்கெட் என்று லியாவ் அறிவித்திருந்தான். பாவ்-சூ பனியைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஜப்பான் போவதாக இருந்தது. மாமனார் படுத்துவிட்டதால் அது பக்கத்து ஊர்க் கோயிலோடு முடிந்தது. அந்த ஆற்றாமை அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. தள்ளுபடியில் கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருந்தாள், தனக்கொன்று ருயி-சியாவுக்கொன்று. ஆகஸ்ட் வெக்கையில் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து அதை மாட்டிப் பார்ப்பாள். விற்பனையில் இப்போது அவள்தான் முன்னால். இன்றுதான் கடைசி நாள்.

குழுவில் ஒரு வரி போட்டால் போதும்: 'எள்ளு பாரில் வேர்க்கடலை இருக்கிறது, யாரும் சாப்பிட வேண்டாம்.' போனை எடுத்து முதல் வார்த்தையை அடித்தும்விட்டாள். பிறகு விரல் நின்றது. போட்டால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும், கணக்கு சரியும், டிக்கெட் எவளோ ஒருத்திக்குப் போகும். மற்றவர்களுக்கு வேர்க்கடலையால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒருத்திக்குத்தானே? அவளிடம் மட்டும் சொல்லிக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம். அடித்த வார்த்தையை அழித்துவிட்டு ருயி-சியாவைக் கூப்பிட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அப்போதுதான் சனிக்கிழமை என்பது உறைத்தது. சனிக்கிழமை மத்தியானம் அவள் நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போய்விடுவாள். ஏழாம் மாதத்தில் தண்ணீரில் இறங்காதேடி, அலைகிறவர்கள் பிடித்து இழுத்துவிடுவார்கள் என்று சொன்னதற்கு, "அது டைல்ஸ் போட்ட குளம்டி, அவங்களே வழுக்கி விழுந்துடுவாங்க" என்று சிரித்தவள். அதோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை இல்லை, பலமுறை. "எறங்குறதுக்கு முன்னாடி உன் பார்ல ஒண்ணக் கடிச்சுக்குவேன். அப்பத்தான் கால் இழுக்காது."

பாவ்-சூ ஓடினாள்.

"என்னக்கா, ஜப்பானுக்கு இப்பவே ஓடுறீங்களா?" என்று மூணாம் மாடி ஷியூ-யின் பின்னாலிருந்து கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லை.

மழைக்கோட்டு தைத்தே பிழைத்தவள் மழைக்கோட்டை மறந்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கண்ணில் மழை அடித்தது. தொண்டை வீங்கியவள் தண்ணீருக்குள் இருந்தால் கத்தக்கூட முடியாதே என்று நினைத்தபோது ஸ்கூட்டர் ஒரு பக்கம் சாய்ந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடி போனை எடுத்தாள். குழுவைத் திறந்தாள். காலையில் அவளே போட்டிருந்த 'இன்றே கடைசி' என்பது கண்ணில் பட்டது. விளக்கு பச்சையானதும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டாள்.

குளத்து வரவேற்பு மேசையில் ஒரு பெண் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ருயி-சியாவா? நீலத் தொப்பி அக்காதான? அவங்க போயிட்டாங்களே. இன்னிக்குப் பாதியிலயே ஏறி வந்துட்டாங்க. இருமிக்கிட்டே போனாங்க."

"இருமிக்கிட்டேன்னா எப்படி? மூஞ்சி வீங்கியிருந்துச்சா?"

"நான் எங்க பாத்தேன். தண்ணியக் குடிச்சிருப்பாங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க, உங்க மூஞ்சிதான் சரியில்ல."

வந்த வழியே திரும்பினாள். எங்கேயாவது ஓரமாக ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு விழுந்துகிடப்பாளோ என்று தெருவோரமெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். நீல நிறத்தில் எதைப் பார்த்தாலும் பிரேக் பிடித்தாள்.

குடியிருப்பில் பூசை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வீட்டுத் தாம்பாளத்திலும் ஒரு ஊதுபத்தி நட்டிருந்தது, எல்லாம் புகைந்துகொண்டிருந்தன. குடியிருப்புச் சங்கத் தலைவர் ட்சாய் முன்வரிசையில் கைகூப்பி நின்றார். பத்தி எரிகிறவரை மேசைப் பக்கம் யாரும் கையை நீட்டக் கூடாது. பசியோடு அலைகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம் அது. அவர்களை நேர்ப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள், 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்வார்கள்.

பாவ்-சூ நேரே காவலாளியிடம் போனாள். "ருயி-சியா வந்தாளா?"

"வந்தாங்களே. தாம்பாளத்தக் கொண்டாந்து வெச்சுட்டு மேல போனாங்க."

"நல்லா இருந்தாளா? பேசினாளா?"

"பேசலக்கா. கேட்டதுக்குத் தொண்டையப் புடிச்சுக்கிட்டுக் கைய மட்டும் ஆட்டினாங்க."

லிப்ட் மேலே எங்கேயோ நின்றுவிட்டிருந்தது. பொத்தானைக் குத்திக் குத்திப் பார்த்தாள். லிப்டுக்கு எதிரிலேயே ஐந்தாம் மாடித் தாம்பாளம் இருந்தது. அதன் நடுவில், நேற்று அவள் கொடுத்த எள்ளு பார் பெட்டி. ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா இல்லையா? அதைப் பார்த்துவிட்டால் போதும், தின்றாளா இல்லையா என்று இந்த நிமிஷமே தெரிந்துவிடும். புகைக்குள் கையை விட்டாள்.

"ஏய், பாவ்-சூ. கைய எடு," என்றார் தலைவர். "பத்தி எரிஞ்சுக்கிட்டிருக்கு."

"ஒரு நிமிஷம் தலைவரே."

"அவங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. அவங்க தட்டுல கைய வெச்சா யாருக்குக் கேடு வரும்னு தெரியும்ல?"

"எனக்கே வரட்டும்."

பெட்டியை இழுத்தாள். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அவள் கையெழுத்து, அவள் ஒட்டியது, ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்புறம்தான் பெட்டி இருந்த இடத்துக்குக் கீழே பார்த்தாள். காயவைத்த கொய்யா. அது மே தினத்துக்கு வந்த சரக்கு. அதற்குக் கீழே கடற்பாசிச் சுருள், புத்தாண்டுக்கு முன்னால் வந்தது. சர்க்கரைவள்ளிச் சீவல், பூசணி விதை, தாமரை விதை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். எல்லாவற்றிலும் அவள் எழுதிய ஸ்டிக்கர், 'ஐந்தாம் மாடி, ருயி-சியா'. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

லிப்ட் திறந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ருயி-சியா வந்தாள்.

"என்னடி பண்றே, அவங்க சோத்துல கைய விட்டுக்கிட்டு?" குரல் கரகரத்தது. இருமினாள்.

"உன் தொண்டைக்கு என்ன?"

"குளத்துத் தண்ணி மூக்குல ஏறிடுச்சு. குரலே வரல. அது கெடக்கு, நீ ஏன் இப்படி நனைஞ்..." மேசைமேல் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்ததும் அவள் பேச்சு அங்கேயே நின்றது.

"ஒண்ணு கூடவாடி திங்கல?" என்றாள் பாவ்-சூ.

மற்ற நாளாயிருந்தால் ருயி-சியா எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். பத்தி எரிகிற மேசைக்கு முன்னால் அவளுக்குப் பொய் வரவில்லை. "ஒண்ணு கூட இல்ல."

"குளத்துல எறங்குறதுக்கு முன்னாடி?"

"வாழைப்பழம்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நான் எடுத்தாத்தான் மத்தவங்க எடுப்பாங்கன்னு நீதான சொன்னே. உனக்குப் பனி பாக்கணும். என்னால ஆனது இதுதான்னு வாங்கினேன்."

"அப்ப நாங்கல்லாம் ருயி-சியா அக்கா சாப்பிடுறாங்கன்னுதான..." என்று ஷியூ-யின் தொடங்கி, தலைவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

பாவ்-சூவுக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால் இப்படியா என்று கோபம்தான் முதலில் வந்தது. "என்மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"உன்மேல இருக்கு. இதச் செய்றது நீயா? அந்த லியாவ் மூஞ்சிய நீ என்னிக்காவது பாத்திருக்கியா?"

பாவ்-சூ யோசித்துப் பார்த்தாள். போனில் வருகிற குரலைத் தவிர அவனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. "இல்ல," என்றாள்.

"சரி, இப்ப எதுக்கு இதெல்லாம் கிளறிக்கிட்டிருக்கே?"

"அந்த பார்ல வேர்க்கடலை கலந்துட்டானாம். நீ தின்னுட்டியோன்னுதான் குளத்துக்கு ஓடினேன்."

ருயி-சியாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. கண் கலங்கிவிட்டது. "மழையில, கோட்டுகூட இல்லாமயா ஓடினே?" என்று துண்டை அவிழ்த்துப் பாவ்-சூவின் தலையில் போட்டாள். துவட்டிக்கொண்டே, "நான் போனப் பாக்கவே இல்லடி. குழுவுல பாத்திருந்தாலாவது கீழ எறங்கி வந்திருப்பேன்," என்று சொல்லிப் போனை எடுத்துத் திறந்தாள்.

திறந்ததும் அவள் முகம் மாறியது. விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். குழுவில் கடைசியாக இருந்தது 'இன்றே கடைசி'தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஓடுறதுக்கு முன்னாடி."

"குழுவுல போடலையா?"

பாவ்-சூவின் கை பையிலிருந்த போனைத் தொட்டது. டிக்கெட் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. ருயி-சியா அவளோடு அரை ஆயுள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள்.

துண்டை அவள் தலையிலேயே விட்டுவிட்டு ருயி-சியா மேசைப் பக்கம் திரும்பினாள். வெளியே எடுத்து வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தில் திரும்ப அடுக்கினாள். சாய்ந்துபோயிருந்த பத்தியை நிமிர்த்தி வைத்தாள்.

"நல்ல வேளை," என்றாள், பாவ்-சூவைப் பார்க்காமல். "உன் பண்டத்தத் தின்னுப் பழகல நான்."

பாவ்-சூ அங்கேயே நின்று போனை எடுத்து அந்த ஒரு வரியை அடித்து அனுப்பினாள். முற்றத்தில் நின்றவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. எல்லாரும் குனிந்து படித்தார்கள். ருயி-சியாவின் போனும் ஒலித்தது. அவள் அதை எடுக்காமல் கைகூப்பியபடி நின்றிருந்தாள்.