ஈசாக்குகளைப் பிரித்து வைத்த மிரியாம்

மிரியாம் காலமான செய்தியை அவருடைய அக்காவின் மகன் என் வீட்டுத் தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தார். ஞாயிறு காலை அதைக் கேட்டேன். உறவினர் வெளியூர்களிலிருந்து வந்து சேர இரண்டு மூன்று நாளாவது எடுக்கும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டி வைத்தேன். திங்களன்று போய் விசாரித்தால், ஞாயிறு மத்தியானமே அடக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். யூதர்கள் அடக்கத்தைத் தள்ளிப் போடுவதில்லை. அவர்களோடு ஆறு வருடம் வேலை செய்தவனுக்கு அது நினைவில்லாமல் போனது. மிரியாம் இதைக் கேள்விப்பட்டிருந்தால் கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வையே எனக்குப் போதும்.

இதை வாசிக்கிறவர்களில் மிரியாமை நேரில் கண்டவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பீர்கள். மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டில், சமையலறைக் கதவோரம் ஒரு சின்னக் கதிரையில், தொப்பியைக் கழற்றாமல் இரண்டு மணித்தியாலம் பேசாமல் இருந்த வெள்ளைக்காரக் கிழவி யார் என்று அன்றைக்குச் சிலர் கேட்டீர்கள். இதுதான் பதில்.

பாதர்ஸ்ற் வீதியில் உள்ள ஒரு யூத நூலகத்தின் நிலவறையில் அவர் வேலை செய்தார். நான் ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பதிவேடு எழுதியவன். இங்கே கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் கோப்பை கழுவிய பிறகு, நூலகத்தின் அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. முதல் நாள் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது ஒரு சுவர் முழுக்க இழுப்பறைகள், உள்ளே நூல் எழுதிய ஆளுக்கு ஒரு அட்டை. மோசேக்களுக்கு இழுப்பறை, சாமுவேல்களுக்கு இழுப்பறை, எலியாக்களுக்கு, யூதாக்களுக்கு. பெரும்பாலும் ரபிமார், அதாவது யூத மதகுருமாரும் வேதம் படித்த அறிஞரும். ஆயிரம் வருடத்துக்கு மேலாக, பாக்தாத்திலும் ஸ்பெயினிலும் போலந்திலும் யேமனிலும் பிறந்த பிள்ளைகளுக்கு வேதாகமத்தில் இருக்கிற அதே கொஞ்சப் பெயர்களைத் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து புத்தகம் எழுதியிருக்கிறார்கள். எந்தப் புத்தகம் எந்தச் சாமுவேலுடையது என்று தெரியவேண்டாமா? அதைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைப்பதுதான் மிரியாமின் முப்பது வருட வேலை.

ஒரு சாமுவேல் வைத்தியர். ஒரு சாமுவேல் மிளகு வியாபாரி, கப்பலில் இருந்து கடிதம் கடிதமாக எழுதியவர். இன்னொரு சாமுவேல் எழுதியது முழுக்க எரிந்துபோய், வேறொருவர் அவரோடு சண்டை பிடித்து எழுதிய பதில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மிரியாம் இவர்களைப் பற்றிச் சொல்லும்போது நேற்றுப் பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்களைச் சொல்வதுபோல இருக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். எங்கள் வம்சத்தில் மூன்று தலைமுறைக்கு மேல் எனக்குப் பெயர் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்து நாலாம் மாதம் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஈசாக்கு இழுப்பறையில் இரண்டு அட்டைகள். இரண்டிலும் யாக்கோபு மகன் ஈசாக்கு, ஒரே நூற்றாண்டு, ஒரே நாடு. ஒருவர் பெயரில் பல பெரிய நூல்கள், மற்றவர் பெயரில் மெல்லிய ஒரே ஒரு நூல். ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை விழுந்திருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டையும் ஒன்றாக்கிக் கணினியில் ஏற்றிவிட்டு, அவரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. இரண்டு பழைய புத்தகங்களை எடுத்து வந்து மேசையில் விரித்தார். பெரிய நூல்காரர் தன் முகவுரையில், தகப்பனார் நீடூழி வாழவேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆகவே அப்போது அவருடைய தகப்பன் யாக்கோபு உயிரோடு இருக்கிறார். மெல்லிய நூல்காரரோ, அதற்குப் பத்து வருடம் முன்பே தன் மகனுக்கு யாக்கோபு என்று பெயர் வைத்துவிட்டார். அந்த நாட்டு யூதர்கள் உயிரோடு இருப்பவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள். செத்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். ஆகவே இவருடைய தகப்பன் யாக்கோபு எப்போதோ இறந்துவிட்டார். ஆட்கள் இரண்டு.

"பெயரும் தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்தால் இரண்டு சாட்சிதான். மூன்றாவது சாட்சி வரும்வரை நீ யாரையும் யாரோடும் சேர்க்கக்கூடாது" என்றார். பிறகு அந்த மெல்லிய நூலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இவருடைய ஊர் இன்று இல்லை. உலக யுத்தத்தில் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் கொன்றுவிட்டார்கள். இந்த அட்டை மட்டும்தான் இருக்கிறது. அதையும் நீ வேறொரு ஈசாக்குக்குக் கொடுத்துவிட்டாய்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று பின்னேரமே பிழையைத் திருத்தினேன்.

அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வன்னியில் போரால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கந்தையா சிவகுமார் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றும், கனடாவில் தனக்கு ஆட்கள் இருப்பதாக அவர் சொன்னவர் என்றும் அங்கே பொறுப்பாக இருந்த ஒருவர் எழுதியிருந்தார். என் மச்சான் முறையான ஒருவரின் கையில் அது கிடைக்க, அவர் எங்களுக்கு அனுப்பிவிட்டார். என் தம்பியின் பெயர் கந்தையா சிவகுமார். எட்டு மாதமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

வீட்டில் ஒப்பாரி எழுந்தது. இறந்தவருக்கான கடைசிக் கிரியையான அந்தியேட்டிக்கு ஐயரிடம் நாள் கேட்டோம். மூன்றாம் நாள் வேலைக்குப் போய் மிரியாமிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மூன்றாவது சாட்சி என்ன?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவிக்குக் கோபம். "செத்த வீட்டிலை ஆராய்ச்சி செய்யச் சொன்னவவே அந்த மனுசி? எட்டாம் நாளும் கழியப்போகுது. அந்தப் பிள்ளையின்ரை ஆத்துமா அலையவே?" என்றாள். இருந்தும் நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பொறுப்பாளருக்கு எழுதினேன். என்ன தொழில், என்ன அடையாளம், கடைசியில் என்ன சொன்னவர் என்று கேட்டுக் கொழும்பில் ஒரு பாதிரியார் ஊடாகக் கடிதம் அனுப்பினேன். அந்தியேட்டியை நிறுத்தி வைத்தோம். இரண்டு மாதம் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதில் வந்தது. இறந்தவர் தையல்காரர். மனைவி கனடாவில். கடைசி இரண்டு நாளும் வாணி, மேனகா என்று இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். என் தம்பி தபால் கந்தோரில் வேலை பார்த்தவன், கலியாணம் கட்டாதவன், ஊசியில் நூல் கோர்க்கவும் தெரியாதவன்.

அன்று எங்கள் வீடு இருந்த இருப்பைச் சொல்லமாட்டேன். மனைவி லட்டுப் பிடித்தாள். அதில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். மிரியாம் எங்கள் சமையலைச் சாப்பிடுவதில்லை, அவர்களுக்கு உணவில் கட்டுப்பாடு. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார். கண்ணைத் துடைத்தார். எனக்காகச் சந்தோஷப்பட்டார், அதில் சந்தேகமில்லை. பிறகு கேட்டார்: "உன் தம்பி இல்லையென்றால், அவர் யார்?"

எனக்குச் சுரீர் என்றது. கோபமும் வந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். எங்கள் துக்கம் போய் ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் வேறு யாருடைய துக்கத்தையோ என் தலையில் வைக்கிறாரே என்று நினைத்தேன். மிரியாம் விடவில்லை. "அவருக்கும் ஒரு அட்டை வேண்டாமா?" என்றார்.

தேடினேன். கோவிலில், கடைகளில், தெரிந்த தையல்காரர்களிடம் கேட்டேன். மூன்று கிழமையில் மோர்னிங்சைட்டில், புருஷன் ஊரில் தையல்காரராக இருந்த தவமலர் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். தானும் கூட வரலாமா என்று மிரியாம் கேட்கவில்லை. காரைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்திவிட்டார்.

தவமலர் கதவைத் திறந்தார். "வாங்கோ அண்ணை, இருங்கோ. எந்த ஊர் நீங்கள்?" என்றார். நான் தம்பி சிவகுமாரைத் தேடுகிறேன் என்று தொடங்கி, இழுத்து இழுத்துப் பேசினேன். "என்ரை இவரும் சிவகுமார்தான். கடிதம் வந்து ஒன்பது மாசமாகுது. தபால் ஓடேல்லை எண்டுதான் இருக்கிறன்" என்றார். உள்ளே இரண்டு பெண்பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்கவேண்டியது ஒரு கேள்விதான். மிரியாமைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"பிள்ளையளின்ரை பேர் என்ன, தங்கச்சி?"

"மூத்தவள் வாணி. மற்றவள் மேனகா. ஏன் அண்ணை?"

நான் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே விளங்கிவிட்டது. "வேறை சிவகுமாராய் இருக்கேலாதே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இரண்டு மாதம் கடவுளிடம் கேட்டவன்.

அன்றுதான் மிரியாம் அந்தச் சின்னக் கதிரையில் இருந்தார். துக்கம் கொண்டாடுகிறவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது யூதர்களுடைய வழக்கம். அக்கம்பக்கத்தவர் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். பொழுதுபட்ட பிறகு தவமலர் அவரைப் பார்த்து, "இவ ஆர்?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் மிரியாம் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

என் தம்பி ஒன்றரை வருடம் கழித்துக் கொழும்பிலிருந்து பேசினான். இப்போது இங்கே பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் வேலை செய்கிறான். தவமலர் திதி தெரிந்து வருடா வருடம் திவசம் கொடுக்கிறார். தகப்பன் எந்த நாளில் இறந்தார், கடைசியாக யாருடைய பெயரைச் சொன்னார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இவ்வளவு பெரிய மனம் ஒரு நிலவறையில் எப்படி இருந்தது என்று நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். மிரியாமிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். ஊரிலிருந்து இறந்தவர்களின் பட்டியல் இன்னும் வருகிறது. விரலை வைத்துக் கீழே கீழே பார்த்துக்கொண்டு போவேன். எங்களுடைய ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி மூச்சு வரும். இப்போதும் வருகிறது. பாதி மூச்சிலேயே நின்றுவிடுகிறது. விரலை மேலே கொண்டுபோய், முதல் பெயரிலிருந்து திரும்ப வாசிக்கிறேன்.