பழம் பறித்த பிணங்கள்

அந்தத் தொடரின் நான்காவது எபிசோடில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து செத்தவர்கள் வரிசையாக நடந்து வருவார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, காலை இழுத்துக்கொண்டு. கடைசியாக வரும் பெண் சட்டென்று தலையைத் திருப்புவாள். தூரத்தில் யாரோ துப்பாக்கியால் சுட்ட சத்தம் கேட்டுத் திரும்புகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் நான்தான். அன்றைக்கு அங்கே யாரும் சுடவில்லை.

நாங்கள் இருக்கும் காப்பி எஸ்டேட் மலைமேல் கொட்டச்சேடு போகும் வழியில் இருக்கிறது. என் கணவர் அங்கே ரைட்டர். யார் எந்தப் பக்கம் பறிப்பது என்று ஆள் பிரித்து அனுப்புவதும், சாயங்காலம் பழத்தை எடை போடுவதும் அவர் வேலை. அந்தத் தொடரின் முதல் மூன்று எபிசோடையும் குழந்தை தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து நாங்கள் பார்த்திருந்தோம். அதன் படப்பிடிப்பு எங்கள் தோட்டத்துக்கே வருகிறது என்று அவர் வந்து சொன்னபோது நான் தோசைக் கரண்டியோடு குதித்தேன். பிணங்களாக நடக்கப் பறிப்புப் பெண்களையே எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு ஆள் குறைகிறது என்றார். "நான் வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம். பாட்டிலைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வாள், பாலாடையைத் தட்டிவிடுவாள். என்னிடம் குடித்தால்தான் உண்டு. காலையில் கொடுத்துவிட்டுப் போனால் பத்து மணிக்கு மறுபடி கொடுக்க வேண்டும். அதற்குள் வந்துவிட முடியுமா? கைக்குழந்தைக்காரி பிண வேஷம் போடலாமா? நான் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுப்பதற்குள் அட்டையில் இருப்பதை மூன்று தடவை படிக்கிறவள். அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"போயிட்டு வா சாமி. புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. "பத்து மணிக்கு வந்தறோணும். அழுதாள்னா என்னால தாங்க முடியாது."

"எப்படி நடக்கணும்னு தெரியலையே" என்று நான் புலம்ப, என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "காலையில எந்திரிச்சு அடுப்படிக்கு வருவியே, அதே மாதிரி நட. போதும்" என்றார்.

படப்பிடிப்பு அன்று காலையில் எனக்கு மேக்கப் போட்ட பெண் என் தாடையில் ரப்பரால் ஒரு காயத்தை ஒட்டி, கழுத்து வழியாக ரத்தத்தை வழியவிட்டாள். "இது குழந்தைக்குப் பட்டால் ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டேன். சர்க்கரைப் பாகில் கேசரி கலர் கலந்தது என்றாள். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் விரலால் தொட்டு நக்கிக் காட்டினாள்.

மேக்கப் வேனை விட்டு வெளியே வந்து பார்த்தால் தினமும் பார்க்கிற அக்காமார் எல்லோரும் செத்துப்போய், சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் போட்ட சட்டை, தலைத்துண்டு, பழம் பறித்துப் போட இடுப்பில் முன்பக்கம் கட்டிய மடி எல்லாம் வழக்கம்போலத்தான். முகம் மட்டும் அழுகியிருந்தது. கன்னம் பிய்ந்து தொங்கிய ஒரு அக்கா என்னைப் பார்த்ததும், "பாருங்கடி, ரைட்டர் ஊட்டம்மாவும் செத்துட்டாங்க! இனி சாயங்காலம் எடை போடறப்ப ரைட்டர் அழுதுட்டேதான் போடுவாரு!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. பள்ளி ஆண்டு விழாவில்கூட நான் மேடை ஏறியதில்லை.

இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவே நாங்கள் நடந்து வர வேண்டும். வரிசை முடிகிற இடத்தில் கேமரா. பழம் சிவந்து கிடந்த பக்கமாகப் பார்த்து டைரக்டரே தேர்ந்தெடுத்த இடம் அது. கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. அது முழுசாக மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். நான் கடைசி ஆள். கேமராவைத் தாண்டும்போது என் முகம் பக்கத்தில் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஆக்‌ஷன்!"

நடந்தோம். பாதி வரிசைகூட வரவில்லை.

"கட்! கட்! முன்னாடி வர்ற அக்கா! உங்க கை என்ன பண்ணுது?"

கன்னம் தொங்கிய அக்கா தன் கையைப் பார்த்தார். அதில் நாலு பழம் இருந்தது.

"அக்கா, நீங்க செத்துட்டீங்க. செத்தவங்க எதுக்குக் காப்பிப் பழம் பறிக்கறீங்க?"

"தெரியலைங்க சார். கை தானாப் போயிருச்சுங்க."

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை அந்த அக்கா கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் பறித்துவிட்டார்கள். அடுத்த தடவை கேமரா வரைக்கும் ஒழுங்காக வந்தோம். மானிட்டரில் ஓட்டிப் பார்த்தால், முகத்தை வானத்துக்குத் தூக்கி, வாயைத் திறந்து, பயங்கரமாக நடந்து வந்த நாலு பிணங்களின் கைகள் கீழே அதுபாட்டுக்குப் பழத்தை உருவி மடியில் போட்டுக்கொண்டிருந்தன.

"பழுத்தது நொம்பக் கிடக்குதுங்க சார். வுட்டுட்டுப் போக மனசு வரமாட்டேங்குது" என்றார் ஒரு அக்கா, மடியை உதறிக்கொண்டே.

"காய் ஒண்ணும் விழுகலைங்க, பழம் பாத்துத்தான் பறிச்சோம்" என்று இன்னொருவர் மானிட்டர் பக்கத்தில் நின்ற என் கணவரிடம் சொன்னார். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் பறிப்புக்குப் போனவள் இல்லை. என் கை போகவில்லை. ஆனால் மார்பு கனக்கத் தொடங்கிவிட்டது. ரவிக்கை நனைவது தெரிந்தது. மணி பத்தைத் தாண்டியிருக்கும். போய்விடலாமா? இவ்வளவு பேர் என்னால் நிற்க வேண்டுமா? இன்னும் ஒரே ஒரு தடவைதானே? இந்த முகத்தோடு போனால் அவள் என்னிடம் வருவாளா? வராவிட்டால்? இதை யோசிக்காமலா வேஷம் போட்டுக்கொண்டேன்?

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டி ஓட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பறிங்க."

"ஏனுங்க சார்?"

"பறிங்கக்கா. எல்லாரும் பறிச்சுட்டே வாங்க. முகம் செத்திருக்கணும். கை மட்டும் வேலை செய்யட்டும். இதைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! பனி இடுப்பு வரைக்கும் ஏறிவிட்டது. எனக்கு முன்னால் அத்தனை பேரும் கண் சொருகி, தலை சாய்ந்து நடக்க, கைகள் மட்டும் உயிரோடு செடிக்குள் புகுந்து புகுந்து வந்தன. சலசலவென்று இலைச் சத்தம். நானும் பறித்தேன். எதிர்ச் செடியிலிருந்து ஒரு பிணம் உதட்டை அசைக்காமல், "காயைப் பறிக்காதீங்க, காயைப் பறிக்காதீங்க" என்று முணுமுணுத்தது. கேமரா நெருங்கியது. இன்னும் நாலு எட்டுதான்.

அப்போது அழுகைச் சத்தம் கேட்டது.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எத்தனையோ குழந்தைகள். இது என்னுடையதுதான். நான் தலையைத் திருப்ப வேண்டும் என்று நினைக்கவே இல்லை. திரும்பியிருந்தேன்.

"கட்!"

எல்லாப் பிணங்களும் என்னைப் பார்த்தன. கன்னம் தொங்கிய அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க கை போனப்பச் சிரிச்சீங்களே, இப்ப உங்க தலை போகுது!" என்றார். உடனே அவரே என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "நிக்காதீங்க, ஓடுங்க. புள்ளைக்குப் பசி."

ஓடினேன். வேன் பக்கத்தில் அத்தை அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். தாங்க முடியாமல் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் "ஐயோ சாமி!" என்று குழந்தையின் முகத்தைத் தன் மாராப்பால் மூடினார். மேக்கப் பெண் பின்னாலேயே ஓடி வந்து, இதைக் கழற்ற எண்ணெய் போட்டு அரை மணி நேரமாவது ஆகும் என்றாள். அவ்வளவு நேரம் இவள் தாங்க மாட்டாள்.

"மூஞ்சியக் காட்டாத. துண்டைப் போட்டு மூடிட்டு வாங்கிக்க" என்றார் அத்தை.

வேன் படியில் உட்கார்ந்து, கழுத்தையும் மார்பையும் ஈரத்துணியால் துடைத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அவளை மடியில் வாங்கினேன். அவள் குடிக்கவில்லை. விறைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கையை நீட்டி, துண்டைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அழுகை நின்றது. என்னைப் பார்த்தாள். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. பேசலாமா, இந்த வாயிலிருந்து என் குரல் வந்தால் இன்னும் பயந்துவிடுவாளா, இனி என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருமா? அவள் கை என் தாடைக்கு வந்தது. காயத்தின் ஓரம் பெயர்ந்திருந்தது போல. விரலை விட்டு இழுத்தாள். சர்ரென்று பாதிக் காயம் அவள் கையோடு வந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள். நான் பதறிப் பிடுங்கினேன். "கண்ணு, அது வேண்டாண்டா!" என்று கத்தியேவிட்டேன்.

அவ்வளவுதான். குரல் கேட்டதும் முகத்தை என் மார்பில் முட்டித் தேடினாள். பிடித்துக்கொண்டாள். மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் எனக்கு அந்தத் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"குடிக்கறா, குடிக்கறா" என்றார் அத்தை, எனக்குத் தெரியாத மாதிரி. மேக்கப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

உதவி டைரக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அக்கா, பனி மூடிட்டு வருது, இன்னும் ஒரே ஒரு ஷாட். சார் கூப்பிடறாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒரு பக்கம்தானுங்க குடிச்சிருக்கா. இன்னொரு பக்கம் இருக்குது. உங்க சாரைச் செத்த நேரம் பொறுக்கச் சொல்லுங்க."

நான் மகளை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.