அங்கிருந்தா, இங்கிருந்தா

கனடாவில் இருக்கும் கணவரிடம் போய்ச் சேர எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. திருவானைக்காவலிலிருந்தே விண்ணப்பித்துவிட்டு, விசா வரும்வரை பிரிந்திருக்கலாம். அல்லது விசிட்டர் விசாவில் போய் அங்கே விண்ணப்பிக்கலாம். முடிவு தெரியுமுன் ஊருக்கு வந்தால், திரும்ப உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயமில்லை. அப்பாவுக்கோ புத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சாதக பாதகங்களை வரிசையாக எழுதிப் பார்த்தும் எனக்குத் தெளியவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ செய்," என்று கணவர் போனில் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"எனக்கென்னம்மா, மிஷினே எல்லாம் பாத்துக்குது. நீ கெளம்பு."

"ஆமா, மிஷின்தான் உங்கள ஆட்டோவுல ஏத்தி எறக்குது," என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது என் தோளைப் பிடிக்கக் கை நீட்டியவர், சட்டென்று ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அன்றும் நான் எதையும் முடிவு செய்யவில்லை.