‘அவசரம்’ என்ற ஃபோல்டரும் பாண்டியும்

இன்று புரட்டாசி இருபத்து மூன்று. எனக்கு எழுபத்து மூன்று வயது நான்கு மாதம். போடி பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாண்டி நேற்று மாலை இறந்துவிட்டான்.

மாரடைப்பு. கடையில், யாருடைய லேப்டாப்பையோ திறந்து வைத்தபடி...

காலையிலிருந்து இங்கே "தங்கமான மனிதர்" என்று பலர் எழுதுகிறீர்கள். தங்கமெல்லாம் இல்லை. வாய்த்துடுக்கு, சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. வேலை தெரிந்தவன், அதிலும் ஒரு பெரிய தப்பு செய்தான்.

முதல்முறை வீட்டுக்கு வந்தபோது என் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன டாக்டரம்மா, சந்தக்கட மாதிரி எறச்சு வச்சிருக்கீங்க?" என்றான்.

"உன் கடைய நானும் பாத்திருக்கேன் பாண்டி" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலிருந்தபடியே ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதி வந்தேன். போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கான ஒரு சிறிய கிளினிக். அங்கே எடுக்கும் படங்கள் தாமாகவே என் கணினிக்கு வந்து சேரும்படி மென்பொருள் போட்டுக் கொடுத்தவன் பாண்டி.

மலையில் இணையம் நூலிழை. ஆகவே எது வரலாம், எது வரக்கூடாது என்று அதில் விதிகள் எழுதினான். முதல் வரி: வீடியோக்கள் போக வேண்டாம். இரண்டாம் வரி: ‘அவசரம்’ ஃபோல்டரில் இருப்பதெல்லாம் போகட்டும்.

கொஞ்ச காலத்தில் கிளினிக் மேலாளரைப் போனில் "வெளக்கெண்ண" என்று சொல்லிவிட்டான். வேலை போயிற்று. இனி எங்கள் கணினிகளுக்குள் நுழைந்தால் போலீஸில் புகார் என்று எச்சரித்தார்கள்.

பிறகு அந்த மழை நாள்...

செல்வராணி, தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிக்கடியில் சரிந்திருக்கிறாள். அன்று மேலே டாக்டர் இல்லை. ஸ்கேன் எடுக்கும் மலையாளப் பெண் லிசி வீடியோவாகப் பதிந்து ‘அவசரம்’ ஃபோல்டரில் போட்டுவிட்டு என்னை அழைத்தாள். எனக்கு எதுவும் வரவில்லை.

வாயுவா, வயிற்றுக்குள் ரத்தமா? மெட்டுப் பாதையில் ஒரு வளைவில் மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. பார்க்காத படத்தை நம்பி ஒரு ஜீப் ஆட்களை அங்கே இறக்க நான் தயாராக இல்லை. ரத்தம் என்றாலோ, காத்திருக்கவும் முடியாது.

லிசி திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். அதில் ட்யூப்லைட் தெளிவாகத் தெரிந்தது. லிசியின் வளையல் தெரிந்தது. வயிறு தெரியவில்லை.

பாண்டியைக் கூப்பிட்டேன்.

"என்னைய உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கல்ல?"

"தெரியும். வா."

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உடனே வந்தான். நனைந்த சட்டையோடு என் கணினி முன் உட்கார்ந்தான். கிளினிக் கணினிக்குள் நுழையும் பழைய பாஸ்வேர்டை அவர்கள் மாற்றவில்லை. விதிகளைத் திறந்தான்... கை நின்றுவிட்டது.

"எந் தப்புதான் டாக்டரம்மா."

மென்பொருள் மேலிருந்து கீழாகப் படிக்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். செல்வராணியின் பதிவு வீடியோ. முதல் வரியே அதைத் தடுத்துவிட்டது. இரண்டாம் வரிக்கு அது போய்ச் சேரவே இல்லை. அதற்குமுன் வந்த அவசரங்கள் எல்லாம் அசையாப் படங்கள். ஆகவே ஒருவருக்கும் தப்பு தெரியவில்லை.

ஸ்பீக்கரில் லிசி, "சேட்டா, அந்த மொத லைன எடுத்துக் களையட்டே?" என்றாள்.

"தொடாத தாயி! எடுத்தா இத்தன வருச வீடியோவும் கெளம்பி வரும். இந்தப் புள்ளையோடது நாளைக்குத்தான் எறங்கும்."

இரண்டாம் வரியை மேலே ஏற்றினான். முதல் வரி கீழே போயிற்று. சேமித்தான்.

போனை ஜீப் டிரைவர் பிடுங்கியிருக்க வேண்டும். "ஆத்தா, வெரசாச் சொல்லுங்க. மெட்டுல மேகம் எறங்குது, செத்த நேரத்துல ரோடே தெரியாது."

"வண்டியத் திருப்பி நிறுத்துண்ணே. படம் வருது" என்றான் பாண்டி.

"நீ எவன்டா நடுவுல?"

பாண்டி வாயை மூடிக்கொண்டான். அவன் அங்கே இருக்கக்கூடாதவன்.

திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அவன் நகத்தைக் கடித்தான், நான் திட்டவில்லை.

திறந்தது. கருக்குழாய் வெடித்து, வயிறெங்கும் ரத்தம்.

"இறக்குங்க" என்றேன். கீழே அறுவை மருத்துவருக்கு ஆள் வருவதைச் சொன்னேன். ஜீப் அந்த வளைவைத் தாண்டியதாக லிசி சொல்லும்வரை பாண்டி நாற்காலியை விட்டு எழவில்லை.

செல்வராணி பிழைத்தாள்.

அடுத்த வாரம் கிளினிக் நிர்வாகத்தினர் வீட்டுக்கு வந்தார்கள். யாரோ உள்ளே புகுந்து விதியை மாற்றியிருக்கிறார்கள், உங்கள் கணினியிலிருந்துதான், பாண்டி வந்தானா என்று கேட்டார்கள்.

"நான்தான் மாத்துனேன்" என்றேன். படித்த கிழவி; நம்பிவிட்டார்கள்.

அன்று மாலை கடைக்குப் போய்ச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நான் இருக்குற வரைக்கும் அப்படியே இருக்கட்டும் டாக்டரம்மா. கடைக்குப் போலீஸ் வந்துச்சுன்னா அப்புறம் ஒரு பய வரமாட்டான்."

அப்படியே இருந்தது. நன்றி சொல்ல வந்த செல்வராணியிடமும் நான்தான் மாற்றினேன் என்றே சொன்னேன். அந்த மென்பொருளைத் திறக்கக்கூட எனக்கு இன்றுவரை தெரியாது.

போய் வா, பாண்டி. இனி உன்மேல் யாரும் புகார் எழுத முடியாது.

செல்வராணி, அன்று உன் படத்தை மலையிலிருந்து இறக்கியவன் அவன்.