பக்கத்து வீட்டையும் கணக்கில் சேர்த்த ஹபீபா

ஹபீபா பீவியின் குரலை முதல் தடவை போனில் கேட்டபோதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கேள்வி மேல் கேள்வி. நான் முப்பது வருடம் பாலிக் புலாவ் கிளினிக்கில் பதிவு கவுண்டரில் உட்கார்ந்தவள். கேள்வி கேட்பதுதான் என் தொழில், பதில் சொல்லிப் பழக்கமில்லை. கூரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் என்ன மரம், எவ்வளவு உயரம், ஃப்ரிட்ஜ் ஒன்றா இரண்டா என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது.

"ஏம்மா, நீ சோலார் போடப் போறியா, பொண்ணு பார்க்க வரப் போறியா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. சரியா விசாரிக்காம செஞ்சா அப்புறம் உக்காந்து அழணும்" என்றாள்.

இப்போது புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவள் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். "துவா யார் கேட்டா என்னக்கா, கேளுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் ஆர்தருக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கும் ஒரு மெஷின் இரவும் பகலும் அவர் பக்கத்தில் ஓட வேண்டும். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். எங்கள் வீடோ பாலிக் புலாவில், டுரியான் தோட்டங்களுக்கு நடுவே. பலமாகக் காற்றடித்தால் எங்காவது ஒரு கிளை கம்பியில் விழும், நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்போம். போன வருடம் அப்படி ஒரு நாள் கரண்ட் வரவே இல்லை. கையிருப்பில் இருந்த சிலிண்டரும் தீர்ந்து, அவர் உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு காமாரியாவின் மகன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பிழைத்ததே மாதா புண்ணியம்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மெஷின் நிற்காது என்று எழுத்தில் காட்டினால்தான் அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று. அதுவரை சிம்பாங் அம்பாட்டில் மகள் கிறிஸ்டலின் ஃப்ளாட்டில் இருந்தோம். கிறிஸ்டல் எங்களைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனுஷன் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனார். சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே நிற்கும் கார்களையே பார்ப்பார். சோற்றைத் தொட்டுவிட்டுத் தள்ளிவிடுவார். ஒரு நாள் என் கையைப் பிடித்து, "அமலா, நான் இங்கேயேதான் போய்ச் சேரணுமா?" என்று கேட்டார். சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கிறிஸ்டல்தான் சுகுமாரனைப் பிடித்தாள். வீடுகளுக்கு சோலார் போடுகிற ஆள். கூரையை அண்ணாந்து பார்த்தான், "ஆறு பேனல், ஒரு பேட்டரி, செட்டல் லா அக்கா" என்றான். ஆனாலும் உடனே வேலையைத் தொடங்கவில்லை. "ஹபீபாக்கா கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்து சரின்னு சொல்லணும். அதுக்கு முன்ன நான் ஏணியே எடுக்க மாட்டேன்."

அவள் செய்வது என்னவென்று நேரில் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. குவீன் ஸ்ட்ரீட்டில் அவள் அண்ணனின் ஜவுளிக்கடை. சேலை மூட்டைகளைத் தாண்டி மாடி ஏறினால் ஒரு சின்ன அறை, அதில் இரண்டு திரைகள், ஒரு முறுக்கு டப்பா. ஊரில் சோலார் போடுகிறவர்கள் கூரை விவரங்களை அவளுக்கு அனுப்புவார்கள். அவள் அந்த வீட்டைத் திரையில் கட்டி, அதன் மேல் ஒரு வருடத்து வெயிலையும் மழையையும் விட்டு, பேட்டரி என்றைக்காவது காலியாகிறதா என்று பார்ப்பாள். தாங்கிய நாள் பச்சை, தாங்காத நாள் சிவப்பு.

அந்த மென்பொருளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. எதற்கு முறுக்கிக்கொள்வார் என்று தெரியாது, குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நாமாகத்தான் கண்டுபிடித்துச் சமாதானம் செய்ய வேண்டும். பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் ஹனா, "வாப்பாவைக்கூட ம்மா இவ்ளோ தாங்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றாள். வாப்பா அஸ்ஹர் இரண்டு தெரு தள்ளி நாணயம் மாற்றும் கடையில் வேலை. ஹபீபா எஞ்சினியரிங் படித்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அவள் பிரிவையே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தாமல், ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி இந்த வேலையைத் தானாகவே படித்துக்கொண்டாள். "முதல் வருஷம் வந்தது ஒரே ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக் கூரை. அதை மட்டும் நாப்பது தடவை ஓட்டிருப்பேன், வேற வேலை?" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டை அவள் முதலில் ஓட்டியபோது எல்லாமே பச்சை. சுகுமாரன் கட்டைவிரலைத் தூக்கிப் படம் அனுப்பினான். நான் கிறிஸ்டலிடம் பெட்டி கட்டச் சொன்னேன். அன்று சாயங்காலமே ஹபீபா கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டு முற்றத்துல காலையில வெயில் எப்ப விழும்?"

"மலையைத் தாண்டித்தானே வரணும்? துணி காயப்போட ஒன்பது மணியாயிடும்."

"அதான் பார்த்தேன்" என்றாள். "மாப்பிள்ளைக்கு ஏர்போர்ட்ல அளந்த வெயில்தான் தெரியும்க்கா. உங்களுக்குக் கிழக்கே மலை இருக்குன்னு யாரும் அவர்கிட்ட சொல்லல. விடிஞ்சதும் பேட்டரி நிரம்புதுன்னு சந்தோஷமா இருக்காரு."

பெட்டியை மறுபடி பிரித்தோம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் அவளும் பாலிக் புலாவ் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் நின்று, போனைக் கண்ணருகே பிடித்து, மலை எங்கே எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு திசையாகக் குறித்துக்கொண்டாள். நடுவில் காமாரியா பின்பக்கமாக நுழைந்து, என் ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனாள். எங்களுக்குள் அப்படித்தான், கேட்டு எடுக்கிற பழக்கமில்லை. ஹபீபா அதையும் பார்த்துக்கொண்டாள்.

மலையைக் கணக்கில் ஏற்றிய பிறகும் முடிவு கோணல்மாணலாக வந்தது. காலை வெயில் அப்படியே இருக்க, சாயங்கால வெயில் காணாமல் போனது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் சிரித்தபடி கூப்பிட்டாள். "மலையைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டேன்க்கா! கிழக்குன்னா கழித்தல் குறி வைக்கணும், விட்டுட்டேன். மாப்பிள்ளை மலையை மேற்கே நட்டு வச்சிருக்காரு." நான் அவள் மாடி அறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குறியைப் போட்டதும் மலை கிழக்குக்கு வந்தது. கூடவே மழை மாதங்களில் வரிசையாகச் சிவப்பும் வந்தது. அந்தச் சிவப்பெல்லாம் ஆர்தருக்கு மூச்சு நிற்கும் இடங்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கவே முடியவில்லை. அவள் விடவில்லை. சமையலறைக் கூரையின் மேற்குச் சரிவில் இன்னும் இரண்டு பேனல் போட்டு, மத்தியான வெயிலைப் பிடித்து, மறுபடி ஓட்டினாள். பச்சை ஆயிற்று.

அப்பாடா என்று எழுந்தேன்.

"உக்காருங்கக்கா" என்றாள். "கரண்ட் போனா உங்க வீட்டுக்கு யாரெல்லாம் வருவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுக்கு யார் வந்தா உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பேட்டரிக்குத்தான் தெரியணும். அந்தப் பக்கம் முழுக்க இருட்டா இருக்கு, உங்க வீட்டுல மட்டும் லைட் எரியுது. அன்னைக்கு ஐஸ் எடுத்தாங்களே, அந்தக்கா வருவாங்களா?"

"வருவா. அவ மீனை ஃப்ரீசர்ல வைக்கணும்னு வருவா. போன் சார்ஜ் பண்ண நாலு பேர் வருவாங்க. காமாரியா மருமக நூர் ஃபாத்திஹா பிள்ளையத் தூக்கிட்டு வருவா, குழந்தைக்கு ஃபேன் வேணாமா? அவங்க இல்லேன்னா அன்னைக்கு என் புருஷனே இல்ல. வராதேன்னு சொல்லச் சொல்றியா? கதவைச் சாத்திக்கச் சொல்றியா?"

என் குரல் கீழே கடை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் அண்ணன் படியில் தலையை நீட்டிப் பார்த்தார். ஹபீபா அசரவில்லை.

"சாத்தச் சொல்லலக்கா. நீங்க சாத்த மாட்டீங்கன்னு தெரிஞ்சதாலதான் கேக்குறேன்."

திரையில் ஒரு வரி சேர்த்தாள். மீன், நான்கு போன், ஃபேன், யாராவது கொண்டுவரப் போகிற ஒரு ரைஸ் குக்கர். ஓட்டினாள். அடைமழை நாட்கள் எல்லாம் மறுபடி சிவந்தன. என் கையாலேயே அவர் மெஷினை அணைத்துவிடுவேன் என்று அந்தத் திரை சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவள் சுகுமாரனைக் கூப்பிட்டு வயரிங்கையே மாற்றினாள். ஒரே பேட்டரியிலிருந்து இரண்டு லைன். ஒன்று ஆர்தர் அறைக்கு மட்டும். இன்னொன்று வராந்தாவுக்கும் வீட்டுக்கும், வருகிறவர்களுக்கும். பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் இரண்டாவது லைன் தானாக அணைந்துவிடும், மிச்சம் அத்தனையும் மெஷினுக்கு. அதையும் மாப்பிள்ளையிடம் விளக்கிப் புரியவைக்க ஒரு வாரம் பிடித்தது. பாதி என்பதை எங்கே எழுதுவது என்று இருவருக்கும் சண்டை. கடைசியில் வருடம் முழுக்கப் பச்சை. அந்தத் தாளை டாக்டர் மேலும் கீழும் படித்துவிட்டு, "கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஆர்தர் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே இரண்டாவது தடவை சோறு கேட்டார். வேறென்ன வேண்டும் எனக்கு?

அக்டோபரில் வந்தது அந்தப் புயல்காற்று. மத்தியானமே கரண்ட் போயிற்று, கொஞ்ச நேரத்தில் போன் டவரும் போயிற்று. ஹபீபா எழுதி வைத்த மாதிரியே மீன் வந்தது, போன்கள் வந்தன, குழந்தை வந்தது. ரைஸ் குக்கர்கூட வந்தது. சாயங்காலம் வராந்தா லைன் பட்டென்று அணைந்தது. ஃபேன் நின்றதும் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. நான் அது பேட்டரியின் வேலை என்பதையே மறந்து, எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு ஆர்தர் அறைக்கு ஓடினேன். குழந்தை அழுதால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

ப்ளக் நுழையவில்லை. குனிந்து பார்த்தால், அந்தச் சாக்கெட்டுக்கு உருண்டைத் துளை. மெஷினுக்கும் உருண்டைக்கால் ப்ளக் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மற்ற ப்ளக் எல்லாம் சதுரக்கால். "அடிப்பாவி" என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. நான் இப்படி வயரோடு ஓடி வருவேன் என்று ஹபீபாவுக்குத் தெரிந்திருக்கிறது. காமாரியா பின்னால் வந்து பார்த்தாள், என் கையிலிருந்த வயரை வாங்கிச் சுருட்டி வைத்தாள். குழந்தைக்கு ஒரு பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டே ஆர்தர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்தும் கரண்ட் வரவில்லை. ஆர்தர் கண் விழித்து, "ராத்திரி மழை பெஞ்சுதா?" என்று கேட்டார். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவருக்கு ரொட்டி நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது அஸ்ஹர். இறங்கியது ஹபீபா, தலைத்துணியைக்கூடச் சரியாகக் குத்தாமல். மலை ரோட்டில் மரம் விழுந்து கிடக்க, தெலுக் கும்பார் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். பின் சீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், பள்ளிவாசலில் நோயாளிகளுக்கு இரவல் கொடுப்பது.

"போன் எடுக்கலியேக்கா. பேட்டரியைக் காட்டுற ஆப்லயும் தொடர்பே இல்ல. மெஷின்?"

"ஓடுது."

அவள் நம்பவில்லை. செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளே போய் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அதிர்ந்துகொண்டிருந்தது. ஆர்தர் இதுவரை அவளைப் பார்த்ததே இல்லை. "யாரும்மா நீ?" என்று திகைத்தார். அவள் கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது.

"இவதாங்க ஹபீபா" என்றேன். "ஏண்டி, உன் கணக்குல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

"கணக்கு சரிதான்க்கா" என்று மூக்கை உறிஞ்சினாள். "ஆர்தர் அண்ணன் மூச்சு விடுறத ஒரு தடவ கண்ணால பார்க்கணும்னு இருந்துச்சு."

ஆர்தர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளையே பார்த்தபடி, தன்னால் முடிந்த அளவுக்கு நெஞ்சு நிறைய மெதுவாக ஒரு மூச்சை இழுத்து, அவள் நன்றாகப் பார்க்கும்படி விட்டார்.